கோட்டில் தொடங்குங்கள்

கேள்வி: டிசைன் படிக்கிறேன். கோடு, வடிவம், நிறம், வெற்றிடம் என்கிறார்கள். முதலில் எதைப் பழகுவது?

பதில்: கோட்டை. லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைப் பாருங்கள். 1931-இல் ஹாரி பெக் வரைந்தார். முதலில் நிராகரித்த நிர்வாகம் 1933-இல் அச்சிட்டது. வளைந்து நெளியும் தடங்களைப் படுக்கை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு என மூன்று வகைக் கோடுகளுக்குள் அடக்கினார். நெரிசலான நகர மையத்தை விரித்தார், புறநகரைச் சுருக்கினார். தூரம் பொய்யாகிறது, ஆனால் சுரங்கத்தில் பயணிப்பவருக்கு எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்பதுதானே வேண்டும்! தடத்துக்கொரு நிறம், நிலையத்துக்குச் சிறு கீற்று, மாறுமிடத்துக்குச் சாய்சதுரம். தரைக்கு மேலுள்ளவற்றில் தேம்ஸ் நதி மட்டும் மிஞ்சியது. அந்தத் துணிச்சலான நீக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நிறம் பிறகு, முதலில் அந்த வரைபடத்தைக் கறுப்பு மையில் ஒருமுறை வரைந்து பாருங்கள்.