எனாமல் கம்பியின் நுனியும் ஈயப் பூச்சும்

விசைத்தறியும் பம்புசெட்டும் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு மோட்டார் எரிந்துபோவது புதிய செய்தியன்று. காசு கொடுத்து ரீவைண்டிங் செய்துவந்த மோட்டார் சில நாட்களிலேயே மீண்டும் நின்றுவிடுவதுதான் மனத்தை வருத்துவது. ஒரே மோட்டாருக்கு அடுத்தடுத்து இரண்டு செலவுச் சீட்டுகள் வைக்கப்பட்டிருப்பதை நாம் கண்டதுண்டு. இதற்குக் காரணங்கள் பலவாகும். அவற்றுள் மிகச் சிறியதும், உடையவர் தாமே சோதித்தறியக் கூடியதுமான ஒன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். சுருளின் கம்பி நுனியைச் சுத்தம் செய்து ஈயம் பூசுவதே அது.

1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே இரும்பு வளையத்தின்மீது செம்புக் கம்பியைச் சுற்றி மின்தூண்டலைக் கண்டபோது, சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதிருக்கும் பொருட்டுக் காலிகோ துணியையும் முறுக்கு நூலையும் இடையிட்டார். கோழிக்கோட்டின் பெயரால் வழங்கும் துணியே காலிகோ என்பது நெசவாளர் மகிழத்தக்க செய்தி. அதன் பின்னரும் நெடுங்காலம் பருத்தி நூலோ பட்டு நூலோ சுற்றிய கம்பியே வழக்கில் இருந்தது. நூலை அவிழ்த்தால் செம்பு வெளிப்பட்டுவிடும், ஐயத்துக்கு இடமில்லை. எனாமல் கம்பியின் இயல்போ வேறு. அதன்மேல் உள்ள மெல்லிய பூச்சு பெரும்பாலும் ஒளி ஊடுருவக் கூடியது. ஆகவே பூச்சுள்ள கம்பியும் வெறுங் கம்பி போலவே செந்நிறமாய் மின்னும். அவசரத்தில் அரைகுறையாய்ச் சுரண்டி முறுக்கிவிட்டால், இணைப்பு கண்ணுக்கு நன்றாகவே தோன்றும்.

விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 குதிரைத்திறன் கொண்ட மூன்று பேஸ் மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் மின்சாரம் ஏற்கும். அம்மின்சாரம் செல்லும் இணைப்பில் 1 ஓம் தடை இருந்தால், அந்த ஓரிடத்தில் மட்டும் 56 வாட் வெப்பம் பிறக்கும். அது ஒரு சால்டரிங் இரும்பின் சூட்டுக்கு ஒப்பாகும். வைத்த ஈயமே உருகிவிட அதுவே போதும்.

பூச்சை அகற்றும் வழி பூச்சின் வகையைப் பொறுத்தது. ரேடியோ முதலிய சிறு கருவிகளின் சுருள்களில் பாலியூரித்தேன் பூச்சுள்ள கம்பி மிகுதி. 390 டிகிரி அளவு சூடான ஈயத்தில் நுனியைத் தோய்த்தாலே அப்பூச்சு சிதைந்து விலகும். மோட்டார் கம்பியின் பூச்சோ வெப்பத்தைத் தாங்கும்படியே செய்யப்படுவது. சால்டரிங் இரும்புக்கு அது மசியாது. அதனைச் சுரண்டியே ஆகவேண்டும். மெல்லிய உப்புத்தாளை இரண்டாக மடித்து, நடுவில் நுனியை வைத்து, கம்பியைத் திருப்பித் திருப்பி இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்துவோரே அதிகம். கத்தியின் கூர்முனையால் கீறினால் கம்பியில் வெட்டு விழும். தறியின் அதிர்வில் பின்னொரு நாள் அவ்விடத்திலேயே அது ஒடியும்.

தீயில் காட்டிப் பூச்சை எரிப்பது சிலர் வழக்கம். அதனால் செம்பின்மேல் கருமை படிகிறது. அதன்மேல் ஈயம் ஒட்டாது. தேய்த்து மீண்டும் செந்நிறம் வரச் செய்தல் வேண்டும். நூலின் நம்பர் ஏற ஏற இழை மெலிவது போலவே கம்பியின் கேஜ் ஏற ஏறக் கம்பியும் மெலியும். 22 கேஜ் கம்பி 0.71 மில்லிமீட்டர், 36 கேஜ் 0.19 மில்லிமீட்டரே. பின்னதைத் தீயில் காட்டினால் அது கெட்டே போகும். மேலும் பாலியூரித்தேன் எரியும் புகை மூச்சுக்குழலுக்குப் பெருந்தீங்கு செய்வது. சன்னல்களைத் திறந்து வைத்தே இவ்வேலையைச் செய்க.

ஈயம் பூசுதல் நம் வீடுகளுக்குப் புதிதன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் முதலில் துலக்குகிறார், சூடேற்றுகிறார், நவச்சாரம் தூவுகிறார், பின்னரே ஈயத்தைத் தேய்க்கிறார். கம்பிக்கும் முறை இதுவே. சூட்டைக் கம்பிக்குக் கொடுத்து, கம்பியின் சூட்டில் ஈயம் உருகிப் பரவச் செய்யவேண்டும். இரும்பில் உருக்கிய ஈயத்தைச் சொட்டவிட்டால் அது மணியாய்த் திரண்டு நிற்கும். ஒன்று மட்டும் வேறுபாடு: இங்கு நவச்சாரமும் அமிலமும் கூடா. அவற்றின் எச்சம் நாளடைவில் செம்பை அரித்துவிடும். மரப்பிசினாலான பிளக்ஸே தக்கது.

சுரண்டும்போது செந்நிறத்துக்குப் பதில் வெண்மை தோன்றினால் அங்கத்தினர் விழித்துக்கொள்ள வேண்டும். அது அலுமினியக் கம்பி. பூச்சின் நிறத்தால் அதுவும் செம்பு போலவே தோற்றமளிக்கும். அதன் மின்தடை செம்பினுடையதைப் போல் சுமார் 1.6 மடங்கு, சாதாரண ஈயமும் அதில் பற்றாது. மலிவான மோட்டார்களில் அதனைச் சொல்லியே பயன்படுத்துவதுண்டு, அது தவறன்று. செம்புக்கு விலை வாங்கிக்கொண்டு அதனைச் சுற்றுவதே தவறு. ஆகவே வேலைக்கு விடும்போதே இரசீதில் ‘செம்புக் கம்பி’ என்று எழுதி வாங்கி, சுற்றிய கம்பியில் ஒரு துண்டும் கேட்டுப் பெறுக. கடைக்காரர் நேர்மையாளராயின் இதற்கு முகஞ்சுளிக்க மாட்டார்.

மோட்டாரைத் திரும்பப் பெறும்போது, இணைப்புத் தகடுகளைக் கழற்றச் செய்து, மூன்று பேஸ் சுருள்களின் தடையையும் மல்டிமீட்டரால் தனித்தனியே அளந்து காட்டச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாய் இருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாகக் கூடியிருப்பின், பணத்தைக் கொடுக்குமுன் அச்சுருளின் இணைப்பைப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம்.