உப்புக்காற்றும் பாக்கெட் மல்டிடூலும்

அந்தமானில், ஹேடோ வார்ஃபில் கப்பலை விட்டு இறங்கி, படகிலும் பட்டறையிலும் புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் மல்டிடூல் இந்த ஊரில் வேலை செய்து தேய்வதைவிட, சும்மா கிடந்து துருப்பிடித்துக் கெடுவதுதான் அதிகம்.

1. ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். கத்திக்குக் கூர்மை நிற்க வேண்டுமே, அதற்காகக் கார்பனைக் கூட்டுகிறார்கள். லெதர்மேன் கம்பெனி பல மாடல்களில் போடும் 420ஹெச்சி ஸ்டீலில் குரோமியம் சுமார் 13 சதவீதம்தான். அதிலும் ஒரு பங்கைக் கார்பன் பிடித்துக்கொள்ளும். கடல் உப்பில் இருக்கும் குளோரைடு, மேலே உள்ள மெல்லிய குரோமிய ஆக்சைடு படலத்தை ஊசி முனை அளவுக்கு உடைத்தால் போதும், அங்கே குழி விழ ஆரம்பித்துவிடும்.

2. கழுவுங்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். வெளியே பளபளவென்று இருக்கும் டூல், மடிப்புக்குள்ளே அழுகிக்கொண்டிருக்கும். ஆணி இருக்கும் இடுக்கில் வியர்வை, மீன் செதில், தேங்காய் நார், பாக்கெட் பஞ்சு எல்லாம் சேர்ந்து உப்புத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத இடுக்கில்தான் துரு வேகமாகப் போகும். வேலை முடிந்ததும் எல்லா அலகுகளையும் விரித்து, நல்ல தண்ணீரில் முக்கி, பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும் கொண்டு ஆணியைச் சுற்றித் தேயுங்கள். விரித்து விரித்து மூடினால் உள்ளிருந்து கறுப்பாக ஒரு சாறு வரும். அது தெளிவாக வரும்வரை விடாதீர்கள். கடைசியில் சுடுதண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் காயும். மே முதல் டிசம்பர் வரை மழை விட்டு விட்டுப் பெய்யும் ஊர் இது, ஈரம் தானாகக் காய்ந்துவிடும் என்று எண்ணி மடித்து வைக்காதீர்கள்.

3. காய்ந்தபின் ஆணிக்கு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். பழம் நறுக்கும் அலகில் மட்டும் அதைத் தடவலாம், அடிக்கடி துடைப்பீர்கள் அல்லவா. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, ஆனால் நெடுநாள் மசகாக நிற்காது.

4. தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

5. தூண்டில் முள்ளைக் கட்டரில் வைத்து நறுக்காதீர்கள். முள் கெட்டி இரும்பு, வாயில் பல் விழுந்துவிடும். லெதர்மேன் வேவ் பிளஸ் மாதிரியான சிலவற்றில் அந்த வெட்டும் பகுதியைக் கழற்றி மாற்றலாம், பெரும்பாலானவற்றில் முடியாது. கத்தி அலகால் டப்பா மூடியை நெம்பவும் கூடாது. கூர்மைக்காகப் பதம் ஏற்றிய அலகு பக்கவாட்டில் வளையாது, ஒடியும். நெம்ப வேண்டுமானால் தட்டைத் திருப்புளியை விரியுங்கள். பிடியில் கரண்ட் காப்பு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. கொசுக்களிம்பு பூசிய கையோடு விக்டோரினாக்ஸ் கத்தியின் சிவப்புப் பிளாஸ்டிக் பிடியைத் தொடாதீர்கள். டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சேற்றிலும் கொசுவிலும் வேலை என்றால் அலுமினியப் பிடி வாங்குங்கள்.

7. மின்சாரச் சாணைச் சக்கரத்தில் தீட்டக் கொடுக்காதீர்கள். சிறிய அலகு சட்டென்று சூடேறும். ஓரத்தில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. மெல்லிய சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, தேவைப்படும் அளவுக்கு நீங்களே தீட்டுங்கள். ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் ஸ்டீல் போகிறது.

8. லெதர்மேன் 25 வருட உத்தரவாதம் தருகிறது என்பது உண்மை. தவறாகப் பயன்படுத்திக் கெடுத்ததற்கு அது பொருந்தாது. பழுதுக்கு அனுப்பினால் தீவிலிருந்து போய்த் திரும்ப நாளாகும், அதுவரைக்கும் கையில் ஒரு சாதாரணக் கட்டிங் பிளேயர் இருக்கட்டும்.

9. ஊருக்கு விமானத்தில் போகும்போது டூலைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே வாங்கிக்கொள்வார்கள்.