வளவில் சிவப்பு உருளைக்கிழங்கு: கார்த்திகை முதல் மாசி வரை செய்ய வேண்டியவை

கார்த்திகை பாதி கடந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் உருளைக்கிழங்கு நட விரும்புகிறவர்கள் இந்தக் கிழமைக்குள் இரண்டு வேலைகளை முடிக்க வேண்டும். ஒன்று, விதைக்கிழங்குக்குச் சொல்லி வைப்பது. மற்றது, வெள்ளம் நில்லாத மேட்டுத் துண்டொன்றைப் பார்த்துக் கொத்திப் போடுவது. நடுகைக்கு உரிய காலம் நவம்பர் கடைசியில் தொடங்கி டிசெம்பர் நடுப்பகுதியோடு முடிகிறது. மழை விடாமல் பெய்தால் மார்கழி முதல் கிழமை வரை பொறுக்கலாம். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு நட்டால் செடி செழிக்கும். ஆனால் கிண்டிப் பார்த்தால் போளையளவு கிழங்குதான் இருக்கும்.

இதற்குக் காரணம் இரவு வெப்பம். பகலில் வெயில் எறிப்பது செடிக்கு நல்லதுதான். ஆனால் இலை ஆக்கிய மாவைக் கீழே இறக்கிக் கிழங்காக்குவதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். 15 முதல் 20 பாகை செல்சியஸ் இருந்தால் உத்தமம். நுவரெலியாவில் குளிர்ந்த இரவு ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. எங்களுக்கு மார்கழி, தை, மாசி முற்பகுதி என்று இரண்டரை மாதமே வாய்ப்பு. அதிலும் பல இரவுகள் 22 பாகை அளவிலேயே நின்றுவிடும். பயிர் தாங்கக்கூடிய எல்லையில் நின்றுதான் நாங்கள் கிழங்கு வைக்கிறோம். ஆகவே குளிர் இரவுகளில் பத்து வீணானாலும் விளைச்சலில் தெரியும்.

1960களின் கடைசியில் கிழங்கு இறக்குமதிக்குத் தடை வந்தபோது வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் இந்தப் பயிரை உற்சாகமாக எடுத்துக்கொண்டன. உரும்பிராய், கோப்பாய், புத்தூர்ப் பக்கத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடுத்ததாக அது பேசப்பட்டது. அந்தப் பழக்கம் வளவுகளுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. பத்தடி நீளத்தில் இரண்டு வரம்பு கட்ட இடமிருக்கிற எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம்.

எந்த இனம் நடுவது? வெப்பமான இடத்துக்கு நான் முதலில் சொல்வது றெட் லசோடா. அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள லூசியானாவில், லசோடா என்ற இனத்தில் இன்னும் கடுஞ்சிவப்பாகத் தோன்றிய ஒரு பிறழ்விலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்டது. வெக்கை நிலத்தில் பிறந்த இனமாகையால் எங்கள் மாசி வெயிலை மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். தோல் சிவப்பு, சதை வெள்ளை, கண்கள் ஆழமானவை. அவித்தால் மாவாக உதிராமல் துண்டு துண்டாக நிற்கும். பிரட்டல் கறிக்கு இதைவிட நல்ல கிழங்கு தேவையில்லை. டெசிறி கிடைத்தால் அதுவும் நல்லதே. அது 1962இல் ஒல்லாந்தில் வெளியான இனம். தோல் இளஞ்சிவப்பு, சதை மஞ்சள் சாயல்.

இனத்தைவிட விதை முக்கியம். கடையில் வாங்கிய சிவப்புக் கிழங்கு குசினி மூலையில் முளைவிட்டிருக்கும். அதையே நட்டால் என்ன என்று பலருக்குத் தோன்றும். தயவுசெய்து நட வேண்டாம். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வருகிற கறிக்கிழங்கு, விதைக்கென்று சோதிக்கப்பட்டதல்ல. பற்றீரியா வாடலைக் கொண்டுவரும் கிருமி வெளித்தோற்றத்தில் குற்றமில்லாத கிழங்குக்குள் ஒளிந்திருக்கும். அது ஒருமுறை மண்ணுக்குள் இறங்கினால் வருடக்கணக்கில் இருக்கும். கிழங்கோடு நில்லாமல் தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றையும் சாய்க்கும். ஒரு கிலோ விதையில் மிச்சம் பிடிக்கப்போய் முழு வளவையும் இழப்பதற்கு இது வழி. விதைக்கிழங்குக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ கேளுங்கள். தோட்டக்காரர் யாராவது மூடையாக எடுக்கிறாரென்றால் அவரிடம் இரண்டு கிலோ பங்கு கேட்பதுதான் எளிது. கோழிமுட்டையளவு, 30 முதல் 50 கிராம் வரை நிறையுள்ள கிழங்கு போதும்.

வாங்கி வந்ததும் சாக்குக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். வெயில் நேரே படாத, வெளிச்சமுள்ள விறாந்தையில் ஒரு சுளகில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். இருட்டில் கிடந்தால் முளை வெளிறி நீண்டு, தொட்டாலே ஒடியும். வெளிச்சத்தில் வந்த முளை அரை அங்குலத்துக்குள் கட்டையாக, ஊதாச் சிவப்பாக, கிழங்கில் இறுகப் பிடித்திருக்கும். அந்த முளைதான் நடுகைக்கு ஏற்றது. பெரிய கிழங்கை வெட்டி நடுவது குளிர்நாட்டு வழக்கம். எங்கள் ஈர மண்ணில் வெட்டுவாய் அழுகிவிடும். முழுதாகவே நடுங்கள்.

பாத்திக்கு இடம் தெரிவுசெய்யும்போது முதலில் கேட்க வேண்டியது, அந்த இடத்தில் போன போகம் என்ன நின்றது என்பதே. புகையிலை, மிளகாய், கத்தரி, தக்காளி நின்ற துண்டைத் தவிருங்கள். எல்லாம் ஒரே குடும்பம். வெங்காயமோ பயறோ நின்ற இடம் நல்லது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க உவர்ப்பாக இருக்கிற கரையோரக் காணிகளில் இந்தப் பயிருக்குச் செலவழிக்க வேண்டாம். உருளைக்கிழங்குக்கு உப்பு ஒவ்வாது.

மண்ணை முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்தி, கல்லும் கட்டியும் பொறுக்கி, நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெருவைப் பத்தடி வரம்புக்கு ஒரு கடகம் என்ற அளவில் கலந்துவிடுங்கள். பச்சைச் சாணி போட வேண்டாம். அடுப்புச் சாம்பலும் வேண்டாம். எங்கள் வீடுகளில் எந்தப் பயிருக்கும் ஒரு கை சாம்பல் போடும் பழக்கம் உண்டு. கிழங்குக்கு மட்டும் அது கூடாது. எங்கள் மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த மண், ஏற்கெனவே காரப் பக்கம் சாய்ந்தது. சாம்பல் அதை இன்னும் ஏற்றும். அப்படிப்பட்ட மண்ணில் கிழங்கின் தோலில் சொறி விழும். தின்னக் கெடுதி இல்லை, ஆனால் அந்தச் சிவப்புத் தோலின் அழகு போய்விடும்.

பசளையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கறுகறுவென்று வளரும், கிழங்கு பிந்தும். மிஞ்சியது மழையோடு கீழே இறங்கிவிடும். எங்கள் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லில் துளையும் வெடிப்பும் அதிகமாகையால் பாத்தியிலிருந்து கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்கு ஏற்ற அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர் ஆபத்தானது. வளவுத் தோட்டத்தில் பாத்திக்கும் குடிக்கிற கிணற்றுக்கும் இடையே இருபது அடிகூட இருக்காது. கூட்டெருவும் கிளிரிசீடியா இலையும் இரண்டு வரம்புக் கிழங்குக்குத் தாராளமாகப் போதும்.

வரம்புக்கு வரம்பு இரண்டடி, கிழங்குக்குக் கிழங்கு ஒரு சாண், ஆழம் நாலு அங்குலம். முளை மேலே பார்க்க வையுங்கள். நட்ட பிறகு பெருமழை வந்தால் மண்வெட்டியோடு போய் வாய்க்காலை வெட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேங்கினாலே விதை அழுகத் தொடங்கிவிடும். வளவே இல்லாதவர்கள் பசளைப் பையில் வைக்கலாம். அடியில் துளையிட்டு, மத்தியான வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். பைக்கு இரண்டு கிழங்குக்கு மேல் வேண்டாம். பையை உயர்த்தி உயர்த்தி மண் நிரப்பினால் அடுக்கடுக்காகக் கிழங்கு வரும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். றெட் லசோடா போன்ற இனங்கள் நட்ட கிழங்குக்குச் சற்று மேலே ஒரே மட்டத்தில்தான் கிழங்கு வைக்கும்.

இரண்டு மூன்று கிழமையில் முளை மண்ணைப் பிளந்து வரும். செடி ஒரு சாண் உயர்ந்ததும் முதல் தடவை மண் அணையுங்கள். இரண்டாவது அணைப்பைப் பொங்கலுக்கு முன் முடியுங்கள். அதற்குள் நிலத்தடியில் வேலை தொடங்கியிருக்கும். நட்டு நாற்பது நாள் அளவில் வரம்பின் ஓரத்தில் விரலால் மண்ணை மெல்ல விலக்கிப் பாருங்கள். தண்டிலிருந்து வெள்ளை நூல் போல ஒரு கிளை பக்கவாட்டில் ஓடி, அதன் நுனி கொக்கியாக வளைந்து மிளகளவு வீங்கி, மெல்லிய சிவப்புப் பிடித்திருக்கும். அதுதான் கிழங்கு. பார்த்ததும் மூடிவிடுங்கள். இந்த நேரத்தில் மண் காயவே கூடாது. செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. மழை நின்ற பிறகு மூன்று நாலு நாளுக்கொரு தடவை இறைக்க வேண்டும். இப்போது ஈரம் இருந்தால் சொறியும் குறையும். பூ வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். எங்கள் குறுகிய பகலில் பல செடிகள் பூக்காமலே கிழங்கு வைக்கும்.

மார்கழிப் பனிதான் பெரிய பயம். காலையில் இலை நெடுநேரம் நனைந்திருந்தால் பின்வெளிறல் வரும். இலையின் ஓரத்தில் வெந்நீர் பட்டது போன்ற கருந்திட்டு. விடியப்புறம் இலையைத் திருப்பினால் திட்டைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சணம். கண்ட உடனே அந்த இலைகளைக் கிள்ளி, பாத்திக்குத் தூரத்தில் புதையுங்கள். ஒரு நாள் பொறுத்தால் அடுத்த செடி, ஒரு கிழமை பொறுத்தால் முழுப் பாத்தியும் போகும். இலை நனையத் தண்ணீர் தெளிக்காமல், காலையில் அடியில் மட்டும் விடுங்கள். அடுத்த வளவில் நோய் வந்துவிட்டதென்றால் பங்கசு நாசினி அடிப்பது பற்றிப் போதனாசிரியரைக் கேட்டே முடிவெடுங்கள். அடித்தால், லேபலில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடியாமல் கிழங்கைத் தொடக் கூடாது.

இலை பச்சையாகவே இருக்க, மத்தியானத்தில் செடி துவண்டு, பின்னேரம் நிமிர்ந்து, மறுநாள் மறுபடி துவண்டால் வாடலைச் சந்தேகியுங்கள். சோதிப்பது சுலபம். நிலத்தோடு ஒட்டிய தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் விட்டு, தண்டின் நுனி மட்டும் நனையப் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். மருந்து இல்லை. செடியை அடிமண்ணோடு அள்ளி அகற்றி, அந்த வாய்க்காலின் தண்ணீர் மற்றச் செடிகளுக்குப் போகாமல் அடையுங்கள். குறைந்தது மூன்று வருடத்துக்கு அங்கே கத்தரியும் மிளகாயும் தக்காளியும் வேண்டாம், வெங்காயம் வையுங்கள்.

மாசி வெயில் ஏறும்போது இலையின் அடிப்பக்கம் செம்பு நிறமாக மினுங்கினால் சிற்றுண்ணி வந்திருக்கிறது. காலையில் இலையின் அடியில் தண்ணீரை விசையாகப் பீச்சினாலே பெரும்பாலும் அடங்கும். தண்டு அடியோடு அறுந்து விழுந்து கிடந்தால் வெட்டுப்புழு. பக்கத்து மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும், எடுத்து நசுக்குங்கள்.

எண்பது நாளிலிருந்து நூறு நாளுக்குள் இலை மஞ்சளாகிச் சாயும். அப்போது தண்ணீரை நிறுத்தி, தண்டை நிலமட்டத்தில் வெட்டிவிட்டுப் பத்து நாள் பொறுங்கள். ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் உரியவில்லையென்றால் கிண்டலாம். வரம்புக்கு வெளியிலிருந்து உள்ளே கிண்டினால் கிழங்கு வெட்டுப்படாது. செடிக்கு அரைக் கிலோ கிடைத்தால் நல்ல விளைச்சல். கழுவாமல் நிழலில் உலர்த்தி, இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் பரப்பி வையுங்கள்.

சிவப்புத் தோலில் ஒரு கவனம் வேண்டும். வெயில் பட்ட கிழங்கு பச்சை பிடித்து, சொலனின் என்ற நஞ்சு ஏறும். வெள்ளைக் கிழங்கில் அது உடனே கண்ணில் படும், சிவப்பில் மறைந்துவிடும். மண்ணுக்கு வெளியே தலைகாட்டிக் கிடந்த கிழங்கின் தோலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் ஆழமாகச் சீவி எறியுங்கள். பாதிக்கு மேல் பச்சையென்றால் கிழங்கையே எறியுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

எங்கள் வெக்கையில் கிழங்கு நாலைந்து கிழமைக்கு மேல் நல்லபடி இருக்காது. விதைக்கென்று அடுத்த கார்த்திகை வரை வைக்க முயல வேண்டாம். ஒவ்வொரு வருடமும் புது விதையே வாங்குங்கள். வெறுமையான பாத்தியில் ஈரம் போவதற்கு முன் பயறு தூவுங்கள். அடுத்த போகக் கிழங்குக்கு வளவின் மற்றப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, கூட்டெருக் குவியலை இப்போதே அங்கே தொடங்கிவிடுங்கள்.