முதுகில் ஊசி போட்டதும் பி.பி. இறங்குவது ஏன்?

கேள்வி: எனக்கு இப்போது 36 வாரம். முதல் பிரசவம் சிசேரியன். முதுகில் ஊசி போட்டுப் படுக்கவைத்த சற்று நேரத்திலேயே குமட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பி.பி. இறங்கிவிட்டது என்றார்கள். இந்த முறையும் சிசேரியன்தான். மறுபடி அப்படி ஆகாமல் தடுக்க முடியுமா, டாக்டர்? குழந்தைக்கு ஆபத்து உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெருமளவு தடுக்க முடியும். மீறி இறங்கினாலும் உடனே சரிசெய்ய மருந்து இருக்கிறது. தைரியமாக இருங்கள்.

முதுகில் போடும் மருந்து வலி நரம்புகளோடு, ரத்தக் குழாய்களை இறுக்கமாக வைத்திருக்கும் நரம்புகளையும் மரத்துப்போகச் செய்கிறது. குழாய்கள் விரிந்து, ரத்தம் கால்பக்கம் தேங்கி, பி.பி. இறங்குகிறது. போதாக்குறைக்கு, மல்லாந்து படுக்கும்போது நிறைமாதக் கருப்பை வயிற்றிலுள்ள பெரிய ரத்தக் குழாயை அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் இன்னும் குறைகிறது. குழந்தைக்குப் போகும் ரத்தம் உங்கள் பி.பி.யை நம்பியே இருப்பதால், அது நெடுநேரம் இறங்கியே கிடக்கக் கூடாது. சட்டென்று சரிசெய்துவிட்டால் பொதுவாகக் குழந்தைக்குப் பாதிப்பு வராது.

முன்பெல்லாம் சலைன் ஏற்றிவிட்டு, பி.பி. இறங்கிய பிறகே மருந்து கொடுப்பது வழக்கம். சலைன் மட்டும் போதாது என்பது இன்று தெளிவு. 2018-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, இறங்கும்வரை காத்திருக்காமல், முதுகில் ஊசி போட்ட கையோடு ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்தைத் தொடங்கச் சொல்கிறது. இது விரிந்த குழாய்களைச் சுருக்கும். சிரிஞ்ச் பம்ப் வழியாக நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் என்று ஆரம்பித்து, பி.பி.யைப் பார்த்துக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். மேல் அளவு உங்கள் வழக்கமான அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போகாமல் காப்பதே இலக்கு. வழக்கமாக 120 என்றால், 108. பம்ப் இல்லாத இடத்தில் சிறிது சிறிதாக ஊசியிலும் கொடுக்கலாம். கூடவே சலைன் வேகமாக ஏறும். வலது இடுப்புக்கு அடியில் சின்னத் தலையணை வைத்து உங்களை இடப்பக்கம் சாய்ப்பார்கள். குழந்தை வெளியே வரும்வரை அடிக்கடி பி.பி. பார்ப்பார்கள்.

உங்கள் பங்கும் உண்டு. முதல் சிசேரியனில் நடந்ததை மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பி.பி. மாத்திரை சாப்பிட்டாலோ, இதயக் கோளாறு இருந்தாலோ மறைக்காதீர்கள். மருந்தையும் அளவையும் அதை வைத்துத்தான் முடிவுசெய்வார். அறுவை மேசையில் லேசாகக் குமட்டினாலும், தலை கிறுகிறுத்தாலும், அந்த நொடியே சொல்லிவிடுங்கள். பி.பி. கருவி அடுத்த முறை அளந்து காட்டுவதற்கு முன்பே உங்கள் உடம்பு அதைச் சொல்லிவிடும். ஆபரேஷன் நடக்கும்போது பேசலாமா என்று தயங்க வேண்டாம். உங்கள் தலைமாட்டில் ஒரு டாக்டர் நிற்பது, நீங்கள் சொல்வதைக் கேட்கவும்தான்.