பள்ளிக் கணினியும் நம் சொந்தச் செய்திகளும்

சென்ற ஆண்டு ஒருநாள் காலை, எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஒன்றைத் திருத்த அலுவலக அறைக் கணினியில் அமர்ந்தேன். உலாவியைத் திறந்ததும் உடன் பணிபுரியும் ஆசிரியையின் மின்னஞ்சல் வந்து நின்றது. அதில் ஒரு மருத்துவ அறிக்கை. உடனே மூடிவிட்டேன், ஆனாலும் தலைப்பு கண்ணில் பட்டுவிட்டது. மாலையில் அவரிடம் சொன்னேன். "முழுசாப் படிச்சீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "உங்களுக்கு முன்னாடி யார் உட்கார்ந்திருந்தாங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அரசுக் கணினியில் சொந்த அஞ்சலைத் திறந்தது அவர் தவறுதானே என்று சிலர் கேட்கலாம். தவறுதான். அதனால் அவருடைய நோய் எல்லோருக்கும் பொதுவாகிவிடுமா?

இதே கேள்வி ருமேனியாவில் எழுந்தது. பர்புலெஸ்கு என்ற பொறியாளர் அலுவலகத் தேவைக்காகத் தொடங்கிய யாஹூ மெசஞ்சர் கணக்கில் சகோதரரோடும், மணக்கவிருந்த பெண்ணோடும் பேசியிருந்தார். சொந்தப் பயன்பாடு கூடாதென்பது அவருக்குத் தெரியும். 2007 ஜூலையில் நிறுவனம் அந்த உரையாடல்களைப் பதிவு செய்தது; பின்னர் அவரைப் பணிநீக்கம் செய்தது. உள்நாட்டு நீதிமன்றங்கள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 05.09.2017 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, 11க்கு 6 என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் நின்றது. நிறுவனம் கண்காணிக்கலாம், ஆனால் எதை, எந்த அளவுக்கு என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதற்குச் சில நாள் முன்பு, 24.08.2017 அன்றுதான் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது.

தீர்ப்புகள் இருக்கட்டும். நம் பள்ளிகளில் யாரும் வேவு பார்ப்பதில்லை; கவனக்குறைவுதான் காட்டிக்கொடுக்கிறது. 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று கணினி கேட்டால் நாம் யோசிக்காமல் 'ஆம்' என்கிறோம். வெளியேறாமல் எழுந்துவிடுகிறோம். பதிவிறக்கிய சம்பளச் சீட்டு அங்கேயே கிடக்கிறது. இன்காக்னிட்டோ சாளரம் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். அது உலாவிய சுவடுகளைத்தான் விட்டுவைக்காது, பதிவிறக்கிய கோப்பு அப்படியே இருக்கும்.

தலைமையாசிரியரிடம் பேசி, ஆளுக்கொரு பயனர் கணக்கு உருவாக்கினோம். பத்து நிமிட வேலை. யாருடைய கணக்காவது திறந்திருந்தால் படிக்காமல் வெளியேற்றிவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கணினி அருகே ஒட்டியிருக்கிறோம். எழுதியவர் அந்த ஆசிரியைதான்.