கழுத்துக் குழாயும் ஏரித் தண்ணீரும்

பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களில் ஒருவருக்குத் திடீரென்று சிறுநீரகம் செயலிழந்தால், டயாலிசிஸுக்காகக் கழுத்து ரத்தநாளத்தில் தற்காலிகக் குழாய் போடுவார்கள். அதன் நுனி இதயத்தை ஒட்டி நிற்கும். 2 வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கின்றன சிறுநீரக மருத்துவ நெறிமுறைகள். டயாலிசிஸுக்கென்றே கையில் ரத்தநாளங்களை இணைத்துப் போடும் ஃபிஸ்டுலா தேறப் பல வாரங்கள் ஆகும் என்பதால், இந்தக் குழாயோடே வீடு திரும்புகிறவர்கள் பலர். அதன் பிறகு பராமரிப்பு வீட்டார் கையில்.

நம்பிக்கை: உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும், ஏரியில் இறங்கலாம்.

உண்மை: இறங்கவே கூடாது. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ போன்ற கிருமிகள் இயல்பாகவே வாழும். சாதாரணப் புண் மூடிக்கொள்ளும். குழாய் நுழையும் துளையோ, குழாய் இருக்கும்வரை மூடாது. அங்கிருந்து ரத்தத்துக்கு நேர்வழி. பாலித்தீன் சுற்றினாலும் நீர் புகும். இடுப்புக்குக் கீழே குளியுங்கள், மேலே ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதைச் சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு முறை உள்ள ஊர்களில் ஒருவருக்கு வலைபோட முறை வருவது குறிப்பிட்ட நாளில்தான்; தவறினால் அன்றைய வருமானம் போச்சு. இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவும் பெண்களுக்கும் இறங்காத நாள் கூலியில்லாத நாள். உங்கள் முறையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வார்டிலேயே செவிலியர் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியும் குழாய்ப் பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

நம்பிக்கை: தினமும் கட்டைப் பிரித்துத் துடைத்தால்தான் சுத்தம்.

உண்மை: பிரிக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு வழி திறக்கிறது. டயாலிசிஸுக்குப் போகும்போது செவிலியர் மாற்றுவார். நனைந்தால், அழுக்கானால், ஓரம் பெயர்ந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே போய் மாற்ற வேண்டும். செவிலியர்களுக்கு ஒன்று: ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்ஸிடின் தடவினால் அது தானாகக் காயட்டும், ஊதவோ ஒற்றியெடுக்கவோ வேண்டாம். குழாயின் வாயைத் திறக்கும் முன்பும் அழுத்தித் தேய்த்துத் துடையுங்கள்.

நம்பிக்கை: சிவக்கவில்லை, சீழ் இல்லை, இது சாதாரணக் காய்ச்சல்.

உண்மை: மிக ஆபத்தான நம்பிக்கை இதுதான். கிருமி குழாயின் உட்புறமாகவே ரத்தத்துக்குள் போய்விடும். வெளியே தோல் நன்றாகவே இருக்கும். டயாலிசிஸ் தொடங்கியதும் உடல் தூக்கிப்போடும் குளிர்நடுக்கம் அதன் முக்கிய அடையாளம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். இந்தக் குழாய் உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் ஊசி. முன்பே போட்டால் எந்தக் கிருமி என்பது பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

நம்பிக்கை: நரம்பு கிடைக்கவில்லையென்றால் இதிலேயே குளுக்கோஸ் ஏற்றலாம்.

உண்மை: டயாலிசிஸ் குழாய் டயாலிசிஸுக்கு மட்டும். அடைக்காமலிருக்கப் பெரும்பாலும் ஹெபாரின் நிரப்பி மூடியிருப்பார்கள். அதை வெளியே எடுக்காமல் மருந்தைச் செலுத்தினால் ஹெபாரின் மொத்தமாக உடலுக்குள் போய் ரத்தக்கசிவு வரலாம்.

நம்பிக்கை: தொற்று வருவது தலைவிதி.

உண்மை: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ரத்தநாளக் குழாய்த் தொற்றைத் தடுக்க எடுத்த முயற்சியின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. கை கழுவுதல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல் உள்ளிட்ட ஐந்தே நடைமுறைகள். 1,000 குழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு 3 மாதங்களுக்குள் பூஜ்யத்துக்கு வந்தது.

நம்பிக்கை: நழுவினால் உள்ளே தள்ளிவிடலாம்.

உண்மை: தள்ளவே கூடாது. முழுவதும் வெளியே வந்துவிட்டால் நோயாளியை உடனே மல்லாக்கப் படுக்க வையுங்கள். உட்கார்ந்திருந்தால் துளை வழியே காற்று உள்ளே இழுக்கப்படலாம். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை கையை எடுக்காதீர்கள்.