பழைய காரின் வோட்டர் பம்ப் ஒழுகுகிறதா? காசு செலவழிக்க முன் பாருங்கள்

வோட்டர் பம்ப் என்றதும் நெடுங்கேணிப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவு வருவது தோட்டத்துக்கு இறைக்கும் மெஷின்தான். இங்கே சொல்லப்போவது அதுவல்ல. காரின் எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றி ஓட வைக்கும், இரண்டு கைக்குள் அடங்கும் சிறிய பம்பைப் பற்றியது.

மீள்குடியேற்றக் கையேட்டில் கார் திருத்தத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். திரும்பி வந்துள்ள குடும்பங்கள் சிலவற்றிடம் எஞ்சியிருக்கும் பெரிய சொத்தே ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோதான். நோயாளியை வவுனியாவுக்குக் கொண்டுபோகவும், சந்தைக்குச் சாமான் ஏற்றவும், வாடகைக்கு ஓடி நாலு காசு பார்க்கவும் அதுதான் இருக்கிறது. கணவர் இல்லாத வீட்டில் அந்தக் காரை விற்றுப் பிள்ளைகளின் படிப்பைப் பார்க்க நினைக்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். வாங்க வருபவர் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, “எஞ்சின் முடிஞ்சுது அக்கா, இரும்பு விலைக்குத்தான் எடுக்கலாம்” என்பார். முடிந்தது எஞ்சினா, சில ஆயிரம் ரூபாய்ச் சாமான் ஒன்றா என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

முதலில் இதைக் கவனியுங்கள்

2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தபோது வளவிலோ பற்றைக்குள்ளோ விட்டுப்போன வாகனமாக இருந்தால் அதை இழுக்கவோ கதவையோ பொனற்றையோ திறக்கவோ வேண்டாம். வாகனத்துக்கு உள்ளேயும் கீழேயும் வெடிக்காத பொருட்கள் இருக்கலாம். கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம் என்று உறுதி செய்யப்படாத எந்த நிலத்திலும் கால் வைக்க வேண்டாம். கிராம அலுவலரிடமோ கண்ணிவெடி அகற்றும் குழுவிடமோ சொல்லுங்கள். அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மிச்ச வேலை. பிள்ளைகள் ஒளித்து விளையாட ஆசைப்படும் இடமும் இதுதான் என்பதால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அதன் பிறகுதான் குளவிக் கூடும், எலி கடித்த வயரும், சீற்றுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் பாம்பும்.

பம்ப் செய்யும் வேலை

ஓடும் எஞ்சின் கொதிக்காமல் இருக்கத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்ச் சூட்டை எடுத்துக்கொண்டு முன்னால் ரேடியேற்றருக்கு வந்து ஆறி, திரும்பவும் உள்ளே போக வேண்டும். அதைத் தள்ளிவிடுவது பம்ப். எஞ்சினின் முன்பக்கத்தில், விசிறிக்குப் பின்னால் இருக்கும். பல பழைய கார்களில் விசிறி பூட்டியிருப்பதே பம்பின் தண்டில்தான். பான் பெல்ற் அதையும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றுகிறது. தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் வெளியே வராமல் தடுப்பதற்கு ஒரு சீல் இருக்கிறது. சீல் தேய்ந்தால் ஒழுக்கு. கார் வருடக்கணக்கில் ஓடாமல் நின்றாலும் சீல் காய்ந்து, தண்டில் கறள் பிடித்து, ஓடத் தொடங்கிய சில நாட்களில் ஒழுக ஆரம்பிக்கும். திரும்பி வந்தவர்களின் கார்களில் இதுதான் அதிகம்.

உங்கள் கார் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1948 இல் வந்த முதல் மைனர்களின் எஞ்சினில் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலேறும், ஆறியது கீழிறங்கும் என்பதை நம்பிச் செய்த எஞ்சின் அது. அப்படிப்பட்ட காருக்குப் பம்ப் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். எங்கள் பக்கம் கூடுதலாக ஓடுவது 1956 இலிருந்து 948 சி.சி., 1962 இலிருந்து 1098 சி.சி. எஞ்சினோடு வந்த மைனர் 1000. கீழே சொல்லும் முறை அதற்கானது. ஒஸ்ரின் ஏ 30, ஏ 35 கார்களின் எஞ்சினும் இதே வகை. ஏ 40 சோமசெற், கேம்பிறிட்ஜ் கார்களின் எஞ்சின் வேறு. வேலையின் ஒழுங்கு ஒன்றுதான், சாமான் வேறு.

தண்ணீர் எங்கே போகிறது?

ரேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது என்பதற்காக மட்டும் பம்பை மாற்ற வேண்டாம். தண்ணீர் போகும் வழியைக் கண்டுபிடித்த பிறகே காசை வெளியே எடுங்கள். பெரும்பாலான மைனர்களில் சூட்டைக் காட்டும் மீற்றர் இல்லாதபடியால் ஆவி எழும்பும்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும் மாலையில் தண்ணீரை நிரப்பி, எஞ்சினுக்குக் கீழே ஒரு பெரிய காட்போட் மட்டையை விரித்து விடுங்கள். காலையில் எந்த இடம் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். முன்னுக்கு, ரேடியேற்றருக்கு நேர் கீழே என்றால் ரேடியேற்றர் அல்லது அதன் கீழ் ஹோஸ். விசிறிக்குச் சற்றுப் பின்னால் என்றால் பம்பில் சந்தேகப்படலாம். எஞ்சினின் பக்கவாட்டில் என்றால் தண்ணீர் இறக்கும் குழாய் அல்லது கறள் தின்ற அடைப்புத் தகடு.

அடுத்ததாக ரோச் லைற் அடித்துப் பம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்று இருந்தால் சுகம். அங்கே ஒரு சிறு துவாரம் இருக்கும். சீலைத் தாண்டி வரும் தண்ணீர் உள்ளே பெயரிங்கைக் கெடுக்காமல் வெளியே போவதற்கென்றே விட்ட துவாரம் அது. அதிலிருந்து கறள் நிறத்திலோ வெள்ளையாகவோ கோடு இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. அந்தத் துவாரத்தைச் சவர்க்காரத்தாலோ பசையாலோ அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் ஒழுக்கு நிற்காது; பெயரிங்கும் சேர்ந்து போகும்.

பிறகு எஞ்சினை நிறுத்திய நிலையில் விசிறியின் எதிரெதிர் இதழ்களைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயரிங் தேய்ந்துவிட்டது. ஓடும்போது முன்பக்கத்தில் கரகரவென்று சத்தம் வந்தால் பெல்ற்றைக் கழற்றிவிட்டுச் சில விநாடி மட்டும் எஞ்சினை ஓடவிடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் காரணம் பம்ப் அல்லது டைனமோ. இரண்டையும் கையால் சுற்றிப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது சேலைத் தலைப்பு, சாரம், நீளக்கை எதுவும் விசிறிக்குக் கிட்டப் போகக்கூடாது.

இனி, பம்ப் போலவே ஏமாற்றும் இரண்டு விடயங்கள். பம்புக்கும் எஞ்சின் தலைக்கும் இடையில் விரல் நீளத்தில் ஒரு சின்ன இறப்பர் ஹோஸ் இருக்கிறது. பைபாஸ் ஹோஸ் என்பார்கள். அது வெடித்தால் தண்ணீர் பம்பின் மேல் வழிந்து பம்புக்குக் கீழே சொட்டும். பார்ப்பவர் எவரும் பம்ப் என்றுதான் சொல்வார். விரலை விட்டு அதன் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அதன் விலை பம்பின் விலையோடு ஒப்பிட ஒன்றுமில்லை.

மற்றது பெரிய விடயம். எங்கேயும் சொட்டவில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது. ஒயில் ஊற்றும் மூடியின் உட்பக்கத்தில் பாலாடை போல ஏதோ ஒட்டியிருக்கிறது. ரேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஆறிய எஞ்சினை ஸ்ரார்ட் செய்தால் குமிழி குமிழியாக வருகிறது. இப்படியென்றால் ஹெட் காஸ்கற் போயிருக்கலாம். புதிய பம்ப் பூட்டினால் பம்புக்குக் கொடுத்த காசும் போகும், நோயும் அப்படியே இருக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பிய எஞ்சின்கள் பல இங்கே இருக்கின்றன. அவற்றின் ஒயிலும் தலையும் எப்படியிருக்கின்றன என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

சாமான் வாங்குதல்

பழைய பம்பைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். வவுனியாக் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். போய்வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுவதென்றாலும் பெயரை எழுதிக் கொடுக்காமல் பம்பையே கொடுத்துவிடுங்கள். ஒரே தோற்றத்தில் பல பம்புகள் வந்திருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து, போல்ற் துவாரங்கள், விசிறி பூட்டும் முகத்தின் உயரம், டைனமோவைப் பிடிக்கும் காது, பைபாஸ் ஹோஸுக்கான வாய் ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வைத்திருப்பவர்கள் இந்திய அம்பாசடர் சாமானையும் விசாரிக்கலாம். அந்த எஞ்சின்கள் ஒரே வம்சம். அங்கேயும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பம்போடு காஸ்கற், பைபாஸ் ஹோஸ், இரண்டு கிளிப், பெல்ற் வெடித்திருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

கழற்றிப் பூட்டுதல்

சூடான எஞ்சினின் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. முகமும் கையும் வெந்துபோகும். ஆறும்வரை காத்திருங்கள்.

பற்றறி வயரைக் கழற்றுங்கள். இந்தக் கார்களில் பலவற்றில் பற்றறியின் நேர்முனைதான் கார் உடலோடு சேர்ந்திருக்கும். திரும்பப் பூட்டும்போது மாறிவிடாமல் இப்போதே அடையாளம் போடுங்கள். ரேடியேற்றரின் அடியிலும் எஞ்சின் பக்கத்திலும் உள்ள குழாய்களைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். மண்டி அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடலாம். மேல், கீழ் ஹோஸ்களைக் கழற்றி, இருபக்கப் போல்ற்றுகளையும் எடுத்து ரேடியேற்றரை நேர் மேலே தூக்கி எடுத்துவிட்டால் கை வைக்க இடம் கிடைக்கும். எடுக்காமலும் செய்யலாம் என்பார்கள். அரை மணித்தியாலம் மிச்சம் பிடிக்கப் போய் ரேடியேற்றரைக் குத்தி ஓட்டையாக்குவதைவிட எடுத்து வைப்பது மேல்.

டைனமோவைப் பிடிக்கும் முன் மேல் போல்ற் பம்பின் காதில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே டைனமோவைத் தளர்த்தி, பெல்ற்றை எடுத்து, டைனமோவையும் கழற்ற வேண்டும். அதன் வயர் இரண்டும் எந்த இடத்தில் இருந்தன என்று குறித்து வையுங்கள். அதன்பின் விசிறியின் நாலு போல்ற், பைபாஸ் கிளிப், கடைசியாகப் பம்பின் நாலு போல்ற். இவற்றுக்கு அரை அங்குல ரிங் ஸ்பனர் சரியாக இருக்கும். 13 மில்லிமீற்றர் ஸ்பனரும் போகும், ஆனால் சற்றுத் தளர்வு. கறள் பிடித்த போல்ற்றில் தலையை உருட்டிவிடும். இறுகியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். டீசல் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மெல்லத் தட்டி, இறுக்கித் தளர்த்தி எடுங்கள். போல்ற் முறிந்து உள்ளே நின்றுவிட்டால் பிறகு பட்டறைச் செலவு. கழற்றிய போல்ற்றுகளை ஒரு மட்டையில் இருந்த ஒழுங்கிலேயே குத்தி வைத்தால் நீளம் மாறிப் போகாது.

பழைய காஸ்கற்றை மொட்டைக் கத்தியால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். உலோகத்தில் கீறல் விழக்கூடாது. துவாரத்துக்குள் மண்டி தெரிந்தால் வாளித் தண்ணீரால் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். புதிய காஸ்கற்றுக்கு மெல்லிதாகப் பசை பூசி, புது பைபாஸ் ஹோஸையும் கிளிப்புகளையும் இப்போதே மாட்டிக்கொண்டு பம்பை வையுங்கள். பழைய ஹோஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டால், அது வெடிக்கும் நாளில் இத்தனையையும் மறுபடி கழற்ற நேரலாம். போல்ற் நாலையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஸ்பனரில் பைப் மாட்டி இறுக்கினால் பம்பின் காது வெடிக்கும்.

பெல்ற்றின் நீளமான பக்கத்தின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடையில் தாழ வேண்டும். அதைவிட இறுக்கம் புதுப் பெயரிங்கைத் தின்னும். தளர்வாக இருந்தால் பம்ப் சுற்றாது.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. எங்கள் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் அப்படிப்பட்டது. மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரை இரண்டு கலனில் காருக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஐந்து லீற்றருக்குச் சற்றுக் கூட இருந்தால் மைனர் நிரம்பிவிடும். இங்கே தண்ணீர் உறையப் போவதில்லை என்றாலும், கறளைத் தடுப்பதால் கூலன்ற் சேர்ப்பது நல்லதுதான், காசு இருந்தால்.

மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிடுங்கள். காற்று வெளியேறத் தண்ணீர் தாழும். மீண்டும் நிரப்பி, மேல் ஹோஸ் சூடான பிறகு மூடுங்கள். மூடி மாற்றுவதென்றால் பழையதில் பொறித்திருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள். முதல் ஓட்டத்தை ஒலுமடு வரை போய்த் திரும்புவது போலக் கிட்டிய தூரமாக வைத்துக்கொள்ளுங்கள். வந்து நிறுத்தி, துவாரத்தையும் கிளிப்புகளையும் ரோச் அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பெல்ற்றை மறுபடி பாருங்கள்; புதுப் பெல்ற் தளரும்.

பம்ப் வாங்கும்வரை நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓடியே ஆகவேண்டிய நிலை வந்தால், தண்ணீர்க் கலன்களை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியை முதல் பூட்டுவரை மட்டும் திருப்பி வைத்தால் உள்ளழுத்தம் ஏறாது, ஒழுக்கும் குறையும். சில கிலோமீற்றருக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். கொதித்துவிட்டால் எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் எஞ்சினில் ஊற்றினால் தலை வெடிக்கும். ரேடியேற்றருக்குள் மஞ்சள்தூள் போடும் பழக்கமும் இருக்கிறது. ரேடியேற்றரின் மெல்லிய ஓட்டையை அது கொஞ்ச நேரம் அடைக்கலாம், பம்பின் சீலுக்கு ஒன்றும் செய்யாது. பிறகு மஞ்சள் மண்டியைக் கழுவ நீங்கள்தான் மெனக்கெட வேண்டும்.

கழற்றிய பம்பை இரும்புக்காரருக்குப் போட வேண்டாம். உடல் வெடிக்காமல் இருந்தால் பெயரிங்கும் சீலும் மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு. அடுத்த முறை தேவைப்படும்போது பஞ்சிகாவத்தை வரை ஆள் அனுப்பத் தேவையிராது.